குழாயை மூடியவள்

பேருந்துப் பணிமனை மெக்கானிக்கின் மூத்த மகள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் பேச ஆரம்பித்தால், அந்த வீட்டு நாற்காலிகள் அத்தனையும் தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பும். பேசி முடிக்கும்வரை அப்படியே நிற்கும், முடிந்ததும் சத்தமில்லாமல் இறங்கிக்கொள்ளும். இதைப் பார்த்து அந்தத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவர் பிரார்த்தனைக்கும் ஏதோ ஒன்று நடக்கத்தான் செய்தது. எதிர்வீட்டுத் தபால்காரர் வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் அவர் வீட்டுக் கடிகாரங்கள் நின்றுவிடும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதனால் மனுஷன் எந்நாளும் வேலைக்குத் தாமதம், மேலதிகாரி கேட்டால் பக்தி என்பார். மாடியில் குடியிருந்த பல் டாக்டருக்கு, அலமாரியில் தொங்கும் சட்டைகளில் ஒன்றுக்கு ஒரு பொத்தான் கூடுதலாக முளைக்கும். முனை வீட்டம்மா கண்ணை மூடிக் கை குவித்தால் பக்கத்து வீட்டு நாய் தும்மும். நாய்க்கு வயதாகித் தும்மல் தாங்காமல் போனபோது மருந்துச் செலவை அந்தம்மாதான் ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காது. எல்லாரும் ஊர்க்கூடத்தில் கூடி ஒரே வாசகத்தை ஒரே குரலில் சொல்லும் நாட்களில் எதுவுமே நடக்காது. மின்விசிறி மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதாகச் சிலர் சொன்னார்கள், அது மின்சாரக் கோளாறு என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அவரவர் சொந்தச் சொல்லுக்குத்தான் இந்த விசேஷம் என்பதால் அடுத்தவர் பிரார்த்தனையைக் காதில் வாங்குவது அந்த ஊரில் குளியலறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். வீட்டில் ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொருவர் எழுந்து போய் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். தண்ணீர் சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்காது. குழந்தைகளுக்கு 'நன்றி' சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் குழாய் திறக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். வந்த விருந்தாளிகூட யாரும் சொல்லாமலே எழுந்து போய்த் திறப்பார். குடிநீர் வாரியம் இதற்காக எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கட்டணம் போட்டது, யாரும் முணுமுணுக்கவில்லை.

மெக்கானிக்கின் வீட்டில் குழாய் திறப்பது இளையவளின் வேலை. அவள் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளின் ஓரத்தைச் சாணை பிடித்துச் சட்டத்துக்குள் உட்கார வைத்து, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்குகிற வேலை. அவளைக் கட்டியவன் சரக்கு லாரி ஓட்டினான். ஒரு தடவை லோடு ஏற்றிக்கொண்டு போனவன், போன ஊரிலேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவள் ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள், அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தெருவில் கனத்த வண்டி எது திரும்பினாலும் அவள் கை அப்படியே நிற்கும், தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாலும் சரி, தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி. வண்டி கடந்து போன பிறகுதான் கை மறுபடி ஓடும். அப்பாவும் இளையவளும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு வாழ்நாள் பூராவும் பேருந்துகளுக்கு அடியில் படுத்துப் படுத்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. காலையில் மூத்தவள் கதவைச் சாத்தப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் காபியை முடித்துவிட்டு நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துத் தயாராக இருப்பார். நாற்காலி எழும்பும் அந்த ஒரு விரற்கடை போதும், அதே வேகத்தில் எழுந்து நின்றுவிடுவார். 'கிளம்பியாச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போவார். மகளுடைய பக்தியில் தனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு.

இளையவளும் சின்ன வயதிலிருந்து வேண்டிக்கொள்ளத்தான் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள், பக்கத்து வீட்டு நாய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தாள். எதிலும் எந்த மாற்றமும் இல்லை. "உனக்கு எங்கயாவது தூரத்துல நடக்குமா இருக்கும்டி, யாருக்குத் தெரியும்" என்று அக்கா சமாதானம் சொன்னாள். இளையவளுக்கு அது ஆறவில்லை. ஊரில் தபால்காரருக்குக்கூட ஒரு தனித்தன்மை இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையா என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். கவிதையில் அவளுக்குப் பிடிப்பு வந்ததும் அந்த ஏக்கத்தில்தான். பிரார்த்தனையில் கிடைக்காத கையெழுத்து கவிதையில் கிடைத்துவிடாதா என்று பார்த்தாள்.

கவிதை வகுப்பு எடுத்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் காற்புள்ளி. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பார். அவர் இளையவளின் கவிதைகளைப் படித்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி படித்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இதை, எழுதினது நீயா, உன் வகுப்பா? நிலா, மழை, தனிமை. பேரை மாத்திப் போட்டா, யாருக்கும், தெரியாதே" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கல்லூரிக் கவிதைப் போட்டிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம், உருப்படியாக ஒரு வரி வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் அக்கா கதவைச் சாத்தினாள், இளையவள் வழக்கம்போலப் போய்க் குழாயைத் திறந்தாள், கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள், பிறகு மூடினாள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கையைத் திருப்பினாள், அவ்வளவுதான். வீடு முழுக்க நிசப்தமானது. உள்ளே அக்காவின் குரல், கடையில் சில்லறை பாக்கி கேட்கிற அதே குரல். "இங்க பாரு, நீ குடுத்த சட்டத்துக்கு நீ குடுத்த கண்ணாடி சேரல. ஓரம் தேய்ச்சுத் தேய்ச்சு என் விரல்தான் தேயுது. அவன் வர வேண்டாம். வந்துடுவானோன்னு எழுந்து எழுந்து நிக்குது பாரு என் காது, அதைக் கொஞ்சம் உட்கார வை." ஐயோ பாவம் அக்கா என்றுதான் இளையவளுக்கு முதலில் தோன்றியது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அடுத்த நொடியே, அந்தப் பாவத்தின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, இது எவ்வளவு நல்ல வரி என்றும் தோன்றியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "என்னம்மா, தண்ணி நின்னுடுச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். நின்றுவிட்டது என்று அவள் சொன்னாள்.

போட்டி நாளன்று அவள் அந்தச் சொற்களை ஒன்றுகூட மாற்றாமல், வரியை மட்டும் இங்கே அங்கே உடைத்து வாசித்தாள். 'அதைக் கொஞ்சம் உட்கார வை' என்று முடித்தபோது அரங்கத்திலிருந்த நாற்காலிகள் எல்லாம் ஆட்களோடு ஒரு விரற்கடை எழும்பின. சிறப்பு விருந்தினர் பக்கத்திலிருந்தவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காற்புள்ளி மேடைக்கே ஏறி வந்து, முதல் முறையாக நடுவில் நிறுத்தாமல், இதுதானம்மா உன் குரல் என்றார். பரிசாக ஒரு மேசை விளக்கு கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அப்பா அதை ஏற்றி அணைத்து ஏற்றி அணைத்துப் பார்த்தார். அக்கா கடையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி எழுதின? எனக்கும் ஒருதரம் சொல்லேன்" என்றாள். இளையவள் விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "உனக்குப் புரியாதுக்கா" என்றாள். குழாயை மூடியதற்கு அவள் பின்னாளில் அழுதிருக்கிறாள். ஆனால் நடு வகுப்பிலும் பேருந்திலும் நினைவுக்கு வந்து கூனிக் குறுக வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் காலை அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குழாய் ஓடியது, உள்ளே அக்கா பேசி முடித்தாள், கதவும் திறந்தது. நாற்காலி அசையவில்லை. அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். "இன்னிக்கு நீ சுருக்கமா முடிச்சிட்டயாம்மா?" என்று கேட்டார். அக்கா நாற்காலியின் கால்களைக் குனிந்து பார்த்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. ஆணி ஏதாவது தரையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார்கள், அக்கா விரதமெல்லாம் இருந்தாள். அவள் முகத்தில் முன்பு இல்லாத ஒரு கலக்கம் வந்தது. புருஷன் போனபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை. அவன் போனாலும் காலையில் பேச ஓர் ஆள் இருந்தார், பேச்சு போய்ச் சேர்ந்ததற்கு வீட்டில் அடையாளம் தெரிந்தது. இப்போது அந்தப் பக்கமும் அரவமே இல்லை. "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்டி. என்னன்னுதான் தெரியல" என்று இளையவளிடமே சொன்னாள். சரியாகிவிடும் என்றாள் இளையவள்.

சரியாகவில்லை. கவிதை கல்லூரி மலரில் அச்சாகி ஊர் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது. வாய்க்குச் சுலபமாக இருந்ததால் ஆளாளுக்கு மனப்பாடம் செய்தார்கள். முடிதிருத்தும் கடையில் சொன்னார்கள், நாற்காலி எழும்பியது. பேருந்து நிலையத்தில் சொன்னார்கள், பெஞ்சு எழும்பி ஒருவருடைய தேநீர் கொட்டியது. குழந்தைகள் பொழுது போகாதபோது சொல்லி விளையாடினார்கள். பல் டாக்டர் தன் சாய்வு நாற்காலியை ஏற்ற இறக்க இதையே பயன்படுத்துவதாகவும், மின்சாரம் மிச்சம் என்றும் சொன்னார். ஊரில் இத்தனை பேர் வீட்டில் எழும்பியது, மெக்கானிக்கின் வீட்டில் மட்டும் எழும்பவில்லை. கலக்கத்தில் யாரோடும் பேசாமல் கடையும் வீடுமாக இருந்த அக்காவின் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. இளையவள் இதையெல்லாம் பார்த்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். காலையில் அப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடும் வேலையை யாரும் கேட்காமலே அவள் எடுத்துக்கொண்டாள். அப்பா அவளைத் தங்கமான பிள்ளை என்றார், அதைக் கேட்க அவளுக்குச் சகிக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது கண்ணாடிக் கடையில். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த ஒரு பெரியவரிடம், ஏதாவது படித்துப் பாருங்கள் என்று அக்கா சொன்னாள். கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை தனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று அவர், பேரன் படிக்கிற கல்லூரியின் மலரைப் பையிலிருந்து எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, 'இங்க பாரு, நீ குடுத்த சட்டத்துக்கு நீ குடுத்த கண்ணாடி சேரல' என்று படித்தார். அக்கா கையில் திருப்புளியோடு நின்றாள். பெரியவர் கடைசிவரை படித்தார், அவர் உட்கார்ந்திருந்த முக்காலி எழும்பியது. "எழுத்து நல்லாத் தெரியுதும்மா" என்றார் சந்தோஷமாக. கீழே யார் பேர் போட்டிருக்கிறது என்று அக்கா கேட்டாள், அவர் அதையும் படித்தார். அக்கா திருகாணியை முடுக்கி, கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இளையவளுக்கு எதிரே உட்கார்ந்து, "எதுக்குடி குழாயைத் திறந்து வைக்கறோம்?" என்று மட்டும் கேட்டாள். இளையவள் அழ ஆரம்பித்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள், பிறகு தெரிந்துதான் செய்தேன் என்றாள், எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா என்றும் சொன்னாள். அக்கா அதற்குத்தான் முகத்தைச் சுளித்தாள். "அழகா இருக்கட்டும்னு சொல்லலடி நான். அவர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்னு சொன்னேன். இப்ப அதையே நான் உள்ள போய்ச் சொன்னா, உன் கவிதையை ஒப்பிக்கற மாதிரி இருக்கு எனக்கே. என்னோடது எதுன்னு தெரியல." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்திருப்பார், முழங்கால் விடவில்லை.

இளையவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். மேசை விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். காற்புள்ளி ஜன்னலைப் பார்த்துவிட்டு, "கவிதை, வெளியே வந்தாச்சு. இனிமே அது, எல்லாருக்கும் சொந்தம்" என்றார். "அது கவிதையே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு விளக்கை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஊர்க்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று, இது என் அக்காவின் பிரார்த்தனை, நான் திருடினேன், தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள் என்றாள். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். என்ன பெருந்தன்மை என்று அவளையே பாராட்டினார்கள். அதோடு விட்டார்களா, பூங்கொத்தோடு கண்ணாடிக் கடைக்குப் போய், உங்களுடையதாமே, ஒருதரம் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். லாரிக்காரனைப் பற்றி விசாரித்தவர்களும் உண்டு. அக்கா கடையின் பின்பக்கம் போய் சாணை இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அவர்கள் போகும்வரை அதன் பக்கத்திலேயே நின்றாள்.

அதன் பிறகு அவள் உள்ளறைக் கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டாள். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது, கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஊரும் மெல்ல மெல்ல அந்த வரிகளை மறந்தது, யாரும் வேண்டுமென்று மறக்கவில்லை, சலித்துப்போய் வேறு பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். தங்கையிடம் அக்கா பேசவேண்டியதைப் பேசினாள்: உப்பு தீர்ந்துவிட்டது, அப்பாவுக்கு மருந்து வாங்கு, மழை வருகிறது துணியை எடு. கனத்த வண்டி திரும்பினால் இப்போதெல்லாம் அவள் கை நிற்பதில்லை. காது உட்கார்ந்துவிட்டதா, இல்லை எதுவுமே கேட்காமல் போய்விட்டதா என்று இளையவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், இதை எந்தக் கையால் எடுத்துக் கொடுப்பது? எனக்கென்று எதுவும் நடக்க வேண்டாம், அவளிடம் மட்டும் பேசு என்று அவள் வேண்டிக்கொண்டாள். நடந்ததா என்று அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அவள் அப்படிப் பார்க்காமல் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். காற்புள்ளி ஏதோ ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்றிருந்தார். அவிழ்த்துப் போட்டிருந்த அவள் தலைமுடி தானாகவே மூன்றாகப் பிரிந்தது. பிரிந்தது ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உச்சியிலிருந்து பின்ன ஆரம்பித்தது. பின்னல் என்றால் சாதாரணப் பின்னல் இல்லை, புருவம் மேலே போகிற அளவுக்கு இழுத்து இழுத்து, கண்ணில் தண்ணீர் வரவைக்கிற பின்னல். "ஆ!" என்று கத்திவிட்டாள். அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை அவளுக்குத் தலை பின்னிவிட்டது அக்காதான். வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட நாளிலும், பொய் சொல்லி அகப்பட்ட நாளிலும் இதே இழுப்புத்தான். பின்னல் நுனிவரை வந்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. பேராசிரியர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவள் மிச்ச வகுப்புகளை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அப்பா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், சட்டையெல்லாம் ஈரம். "காலைல கதவைச் சாத்தினாம்மா. நானே வந்து குழாயைத் திறந்தேன். எப்படி எழுந்தேன்னு எனக்கே தெரியல" என்றார். நாற்காலி எழும்பியதா என்று கேட்டாள். இல்லை என்றார். "என்ன பேசினாளோ, முடிக்கவே மாட்டேங்கறா. மேல தொட்டி காலியாகி, குழாய்ல காத்து வருது. அப்பவும் பேசிட்டிருக்கா." இளையவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா யாரைப் பற்றிப் பேசியிருப்பாள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. என்னைத் திருடிவிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த 'உனக்குப் புரியாதுக்கா'வையும் விடாமல் சொல்லித் தீர்த்திருப்பாள். நெற்றிப் பொட்டு விண் விண்ணென்று தெறித்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, கூடவே பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. அக்காவுக்கு மறுபடியும் சொந்தமாகச் சொல்ல ஏதோ கிடைத்துவிட்டது, அது தன்னைப் பற்றிய புகாராக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து அது தினப்படி ஆயிற்று. இளையவள் படிப்பை முடித்தாள், தொலைவில் வேறொரு நகரத்தில் கவிதை சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயும் காலையில் முடி தானாகப் பிரிந்து பின்னிக்கொண்டது. முதல் நாள் திகைத்த மாணவர்கள் அடுத்த வாரமே பழகிவிட்டார்கள், பின்னி முடியும்வரை பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்கள். நல்ல வரி எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், "யார்கிட்ட கேட்டு எழுதினே?" அப்பாவைத் தூக்கிவிட அவளுக்குப் பதிலாக ஓர் ஆள் அமர்த்தினார்கள், பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்கு எழ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காரியங்கள் முடிந்து இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, "இன்னும் என்மேல கோபமாக்கா?" என்று இளையவள் கேட்டாள். அக்கா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அதையெல்லாம் நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிக்கறேன். நீ சாப்பிட்டயா?" என்றாள்.

சில நாள் பின்னல் கொஞ்சம் தளர்வாக விழும். அன்றைக்கு இளையவளுக்கு வேலை ஓடாது. அக்கா மன்னித்துவிட்டாளா, இல்லை உடம்புக்கு முடியாமல் இரண்டு வார்த்தையோடு எழுந்துவிட்டாளா என்று தவிப்பாள், போன் செய்து ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக் குரலைக் கேட்பாள். மறுநாள் வழக்கம்போலப் புருவம் மேலே ஏற இழுக்கும், அவளுக்கு மூச்சு வரும். போன மாதம் விடுமுறை நாளொன்றில் முடி நுனியைச் சீராக்கிக்கொள்ள வழக்கமாகப் போகும் அழகு நிலையத்துக்குப் போனாள். அங்கே வேலை செய்த அம்மா முடியைக் கையில் ஏந்திப் பார்த்து, முன்பக்கமெல்லாம் நரைத்து இழுபட்டிருக்கிறது, இந்த வயதில் கழுத்தோடு வெட்டிக்கொண்டால் தலைவலி விட்டுவிடும் என்றார். "வேண்டாங்க. அக்கா பின்னணும்" என்றாள் இளையவள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஈர முடி மூன்றாகப் பிரிந்து இறுக ஆரம்பித்தது. அவள் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்த அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, முக்கால் மணி நேரமாவது ஆகும்போலிருக்கிறது என்று அடுத்தவருக்கு முடி அலசப் போனார். போகிற வழியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.